பத்து மணிக் கேள்வி

இரவு ஒன்பது பத்து. ஆற்றுப்பாலத்தைத் தாண்டினால் மில் குவார்ட்டர்ஸ் ரோடு. மில்லை மூடி நாலு வருஷம் ஆகிறது. விளக்குக் கம்பங்கள் நிற்கின்றன… விளக்கு இல்லை. இரண்டு பக்கமும் வீடுகள். கதவு இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, ஆள் இல்லை. ஒரே ஒரு ஸ்கூட்டர் போகிறது. அதன் சத்தம் காலி வீடுகளில் பட்டுத் திரும்பி வருகிறது… பின்னாலேயே யாரோ இன்னொரு ஸ்கூட்டரில் வருகிற மாதிரி.

“திரும்பிப் பார்த்தாரா?” என்று காகிதம் வெட்டுகிற கட்டிங்காரர் கேட்டார்.

“பார்த்திருந்தா கதை இங்கேயே முடிஞ்சிருக்கும். வாயை மூடிட்டுக் கேளுய்யா” என்றார் பைண்டர்.

அச்சகத்தில் கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. மிஷின்கள் நின்றுபோய், காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஒரு மெழுகுவர்த்தியைச் சுற்றி மூன்று பேர். கதை சொன்னது பைண்டர். ஆனால் நடந்ததென்னவோ, ப்ரூஃப் பார்க்கிறவரின் மச்சானுக்கு. மூக்குக் கண்ணாடியால் அவருக்குக் கண்ணாடி என்றே பெயர். கண்ணாடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சொந்த மச்சான் கதையை அடுத்தவர் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார் போல. வாயே திறக்கவில்லை.

ஸ்கூட்டரில் போன அந்த மச்சானுக்கு ஐம்பது வயதிருக்கும். கம்ப்யூட்டர் ரிப்பேர். கடைக்கு மேலே ஒரே அறை, தனிக்கட்டை. சமைப்பதும் அவரே, குறை சொல்வதும் அவரே. ஊரில் அவருக்குப் பெயர் ஆம்புலன்ஸ். சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் ஒரு பென்டிரைவால் வந்த பெயர் அது. எழுந்திருக்க மாட்டேன் என்று படுத்துவிட்ட கம்ப்யூட்டரில் அதைச் செருகி சுவிட்சைப் போட்டால், படுத்திருப்பதைத் தொடாமல், அந்தப் பென்டிரைவிலிருந்தே ஒரு குட்டி உலகம் எழுந்து நிற்கும். அவர் கையால் கட்டியது. அதற்குள் பதினோரு புரோகிராம்கள். டிஸ்க்கைச் சோதிக்க ஒன்று, அழிந்த கோப்பைத் தேட ஒன்று, படம் பார்க்க ஒன்று… எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. தன் மூட்டையைத் தானே சுமந்துவந்து, ஒரு ஓரமாக உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டு, அதே மூட்டையோடு எழுந்து போகிற விருந்தாளிகள். சுவிட்சை அணைத்தால் அந்த உலகம் எல்லாவற்றையும் மறந்துவிடும். நெட்டுக்குப் போகிற வழியை அவர் வேண்டுமென்றே வைக்கவில்லை. உள்ளே இருக்கிற கிருமி வெளியே போய்விடக் கூடாதே.

ஒரு விதி வைத்திருந்தார். படுத்திருக்கிற கம்ப்யூட்டரிலிருந்து ஒரு புரோகிராமைக்கூட எடுத்துப் பென்டிரைவில் சேர்ப்பதில்லை.

“நோயாளியை ஏத்தாத ஆம்புலன்ஸா? நல்லா இருக்கே” என்றார் கட்டிங்காரர்.

“அன்னைக்கு ஏத்தினார்” என்றார் பைண்டர்.

ரோட்டின் கடைசி வீடு. வாசலில் மட்டும் வெளிச்சம். கதவைத் திறந்தவளுக்கு நாற்பது வயது இருக்கலாம். கூடத்தில் பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. விடிவதற்குள் அவளுக்கு விமானம். கடல் தாண்டி எங்கேயோ வேலை. அப்பாவின் காரியங்களுக்காக வந்தவள். மறுநாள் காலையில் வீட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டும்.

“கம்ப்யூட்டர்லேருந்து போட்டோ ஏதாவது எடுக்கணுமாம்மா?” என்று கேட்டார் ஆம்புலன்ஸ்.

“போட்டோ வேண்டாம்ண்ணே. அப்பா எழுதின ஒரு புரோகிராம் இதுல இருக்கு. அது வச்சிருக்கிற கணக்கைப் பார்க்கணும்.”

அவள் அப்பா மில்லில் மீட்டர் மெக்கானிக். ஓய்வுபெற்ற பிறகு, பொழுது போகாமல் புத்தகம் வாங்கிவைத்துத் தானே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டவர். தனியாக இருக்கிறீர்களே என்று மகள் கவலைப்பட்டதற்கு, அவராகவே ஒரு வழி செய்தார். தினமும் இரவு பத்து மணிக்குத் திரையில் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் ஒரு பட்டன். பத்து நிமிஷத்துக்குள் அதை அமுக்கினால் மகளின் போனுக்கு ‘நலம்’ என்று ஒரு செய்தி போகும். அமுக்காவிட்டால், ‘பதில் இல்லை’ என்று போகும்.

“வெள்ளிக்கிழமை ராத்திரி ‘பதில் இல்லை’ன்னு வந்துச்சு. உடனே மெயின் ரோட்டு மளிகைக்காரருக்குப் போன் போட்டேன். அவர் வந்து கதவை உடைச்சுப் பார்த்தா…” அவள் சமையலறைக் கதவைக் காட்டினாள். “அங்கே கிடந்திருக்கார். டாக்டர் பார்த்துட்டு, திங்கக்கிழமை ராத்திரியே உயிர் போயிடுச்சு, விழுந்தவுடனேயே போயிருக்கும்னு சொல்லிட்டார்.”

ஆம்புலன்ஸுக்கு முதலில் புரியவில்லை.

“செவ்வாய், புதன், வியாழன்… மூணு நாளும் எனக்கு ‘நலம்’ வந்துச்சுண்ணே. அப்பா நல்லாத்தான் இருக்கார்னு நான் நிம்மதியாத் தூங்கினேன். அதை அமுக்கினது யாரு? அது மட்டும் தெரிஞ்சா போதும்.”

அவர் பென்டிரைவைச் செருகினார். யாரோ பிளக்கைப் பிடுங்கி அணைத்ததில் டிஸ்க் கெட்டிருந்தது. ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் உள்ளே ‘டிக்… டிக்…’ என்று நகத்தால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அப்பாவின் புரோகிராம் இருந்த இடம் கிடைத்தது. கணக்கும் கிடைத்தது. ஆனால் அந்த மனிதர் கணக்கைப் பூட்டி எழுதியிருந்தார். அந்தப் புரோகிராமைத் தவிர வேறெதுவும் அதைத் திறக்காது. கெட்ட டிஸ்க்கிலிருந்து ஓட்டினாலோ பாதியில் செத்துப்போகிறது.

விதியை மீறுவதைத் தவிர வழியில்லை. பென்டிரைவின் ஓரத்தில் இருந்த குட்டிப் பூட்டை நகத்தால் தள்ளித் திறந்தார். அது பூட்டியிருந்தால் ஓர் எழுத்துகூடப் பென்டிரைவில் ஏறாது. புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு, புரோகிராமையும் கணக்கையும் அதில் இறக்கினார். மெனுவில் பன்னிரண்டாவது வரி எழுதினார். அணைத்து, மறுபடி எழுப்பி, அமுக்கினார்… ஒன்றும் வரவில்லை. தேடிப் பார்த்தால், அதற்கு ஒரு துணைக் கோப்பு வேண்டியிருந்தது. அதையும் கெட்ட டிஸ்க்கிலிருந்து பொறுக்கிப் பக்கத்தில் வைத்தார். இந்தத் தடவை வந்தது. ஆனால் எழுத்து இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் வெறும் கட்டங்கள். அவருடைய குட்டி உலகத்துக்குத் தமிழ் தெரியாது. எழுத்துருவையும் கொண்டுவந்து சேர்த்தார். பூட்டை மறுபடி போட்டுவிட்டு, மூன்றாவது முறையாக எழுப்பினார்.

கட்டங்கள் எழுத்தாயின. மேலே கேள்வி. கீழே பட்டன்.

‘அப்பா, நல்லா இருக்கீங்களா?’

‘நல்லா இருக்கேன்மா.’

அவள் திரையைத் தொட்டாள். “இந்தக் கேள்வியை… நான் எழுதிக் கொடுக்கலண்ணே. அவராவே எழுதி வச்சிருக்கார். நான் கேக்கிற மாதிரி.”

கணக்கு திறந்தது. கேட்ட நேரம், பதில் வந்த நேரம். ஒன்றரை வருஷம். ஓர் இரவு விடாமல், கேட்ட ஐந்தாறு விநாடிக்குள் பதில் வந்திருந்தது. கையை மவுஸ் மேலேயே வைத்துக்கொண்டு, பத்து மணி ஆவதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்தான் அப்படி அமுக்க முடியும்.

திங்கட்கிழமையும் அப்படியே. அதற்குப் பிறகு…

செவ்வாய்: இரண்டு நிமிஷம் பத்து விநாடி.

புதன்: ஐந்து நிமிஷம் நாற்பது விநாடி.

வியாழன்: ஒன்பது நிமிஷம் ஐம்பத்தொரு விநாடி.

வெள்ளி: பதில் இல்லை.

அவள் எழுந்தாள். சமையலறைக் கதவிலிருந்து மேஜை வரைக்கும் அடி மேல் அடி வைத்து நடந்தாள். பதினான்கு அடி.

“உயிரோடதான் இருந்திருக்கார். விழுந்தவர் எந்திரிக்க முடியாம… தவழ்ந்து தவழ்ந்து வந்து அமுக்கியிருக்கார். நாளுக்கு நாள் முடியாமப் போயிருக்கு, பாருங்க. நான் பயந்துடக் கூடாதுன்னு… வந்து நல்லா இருக்கேன்னு அமுக்கிட்டுத் திரும்பப் போய்க் கிடந்திருக்கார். நான் அங்கே தூங்கிட்டிருந்திருக்கேன்.”

“டாக்டர் சொன்னாரேம்மா…”

“டாக்டர் சொல்றது நிஜம்னா, இதை அமுக்கினது யாருண்ணே?”

செத்தவர் அமுக்கினார் என்று சொல்ல முடியுமா? சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பது ஐம்பத்தைந்து.

அவளும் அதைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரல் மாறியிருந்தது.

“பத்து மணிக்கு இது கேக்கும்ல? இருந்து பார்த்துடலாம். இன்னைக்குப் பதில் வந்துச்சுன்னா… அன்னைக்கு வந்ததும் இதே மாதிரிதான். அப்பா திங்கக்கிழமையே போயிட்டார். வலி, தவிப்பு, ஒண்ணும் இல்லை. வரலைன்னா…”

அவள் கண் சமையலறைக் கதவுக்குப் போனது.

“அதாவது, பேய் வரணும்னு வேண்டிக்கிட்டு உக்காந்திருக்காளா?” கட்டிங்காரரின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“ஆமாய்யா. பேய் வரலைன்னாத்தான் அவளுக்குப் பயம்.”

ஆம்புலன்ஸ் ஒழுங்கு தெரிந்த ஆள். மவுஸைப் பிடுங்கினார். கீபோர்டைப் பிடுங்கினார். வேறொரு நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டு உட்கார்ந்து, இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார். மேஜைக்கு முன்னால் இருந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

பத்து.

பெட்டி வந்தது. ‘அப்பா, நல்லா இருக்கீங்களா?’

இரண்டு நிமிஷம். கம்ப்யூட்டர் விசிறியின் சத்தம் மட்டும். ஐந்து நிமிஷம். குளியலறைக் குழாயிலிருந்து ஒரு சொட்டு… நீளமான இடைவெளி… இன்னொரு சொட்டு. எட்டாவது நிமிஷத்தில் அவள், காதில் விழுந்தும் விழாத குரலில், “வாங்கப்பா” என்றாள். தன் வாழ்நாளில் இவ்வளவு தனியாக ஒரு வார்த்தையை யாரும் சொல்லி ஆம்புலன்ஸ் கேட்டதில்லை. பயத்தில் அவருக்கு முதுகு ஈரமாகிவிட்டது. இருந்தும், வந்துவிடுமய்யா, வந்து அமுக்கித் தொலையுமய்யா என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

ஒன்பது நிமிஷம் ஐம்பது விநாடி… ஐம்பத்தைந்து…

பெட்டி மூடிக்கொண்டது. ‘பதில் இல்லை.’

அவள் அழவில்லை. அதுதான் பார்க்க முடியவில்லை. எழுந்து பெட்டிகளை வாசலுக்கு இழுத்தாள். பத்தே முக்காலுக்குக் கார் வந்தது. “ரொம்ப நன்றிண்ணே” என்று சொல்லிவிட்டு, அவர் காசு வேண்டாம் என்றதைக்கூடக் காதில் வாங்காமல், எங்கேயோ பார்த்துக்கொண்டு ஏறிப் போய்விட்டாள்.

அவர் கம்ப்யூட்டரை அணைத்தார். பென்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டார். அவள் சொல்லியிருந்தபடி சாவியை மளிகைக்காரர் வீட்டுத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பினார். அதே ரோடு. அதே காலி வீடுகள். பாலத்தில் ஏறும்போது நெஞ்சில் சூடாக ஏதோ பட்டது. வண்டியை நிறுத்திப் பையைத் தொட்டுப் பார்த்தார். பென்டிரைவ்… வெயிலில் கிடந்த சாவி மாதிரி கொதித்தது. ஈயத்தைப் பற்றவைக்கும்போது வருமே, அந்தப் புகை வாசனை. சுற்றிலும் தண்ணீரும் இருட்டும்தான். இவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்த பென்டிரைவ், சூடு இருக்கத்தான் செய்யும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். கடைக்கு வந்து சேரும்போது பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம்.

தூங்கப் போகுமுன் பென்டிரைவைச் சுத்தம் செய்துவிட வேண்டும். கடைக் கம்ப்யூட்டரில் செருகி எழுப்பினார். பன்னிரண்டாவது வரியை அழிப்பதற்கு முன்னால், சும்மா ஒரு தடவை கணக்கைத் திறந்தார்.

அன்று இரவின் வரி இருந்தது.

இருக்கவே கூடாது. பூட்டு போட்டபடியே இருக்கிறது. அங்கே எழுதியதெல்லாம் கம்ப்யூட்டரை அணைத்ததுமே மறந்துபோயிருக்க வேண்டும். ஆனால் இருந்தது. கேட்ட நேரம் பத்து. பதில் வந்த நேரம்… பதினொன்று இருபத்து நாலு.

பதினொன்று இருபத்து நாலுக்குப் பென்டிரைவ் எதிலும் செருகியிருக்கவில்லை. பாலத்தின் மேல், அவர் சட்டைப் பையில் இருந்தது.

அவர் மறுபடி மேலேயிருந்து படித்தார். இரண்டு நிமிஷம். ஐந்து நிமிஷம். ஒன்பது நிமிஷம். இப்போது ஒன்றேகால் மணிக்கும் மேல். அப்போதுதான் உறைத்தது. தவழ்ந்து வந்த நேரமில்லை இது. ஒவ்வொரு இரவும் அந்த மனிதர் இன்னும் கொஞ்சம் தூரத்திலிருந்து வர வேண்டியிருந்திருக்கிறது.

அவளுக்குப் போன் போட்டார். விமானத்துக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னார்.

“எனக்காகச் சொல்றீங்களாண்ணே?”

“பொய் சொல்றவனா இருந்தா, உன் முகத்தைப் பார்த்துட்டு அங்கேயே சொல்லியிருப்பேன்மா. உங்கப்பா வந்தார். வழி தூரம், லேட்டாயிடுச்சு. அவ்வளவுதான்.”

ஏதோ அறிவிப்பு மட்டும் கேட்டது. பிறகு அவள் அழ ஆரம்பித்தாள். இத்தனை நாள் வராத அழுகை.

“அப்போ… கிடக்கலையா?”

“கிடக்கலைம்மா. திங்கக்கிழமையோட சரி.”

“அதை அழிச்சிடாதீங்கண்ணே. உங்ககிட்டயே இருக்கட்டும். தினம் பத்து மணிக்கு ஒரு தடவை மட்டும்…”

“சரிம்மா” என்றார். போனை வைத்தார். வைத்தவுடன் பூட்டைத் திறந்து, பன்னிரண்டாவது வரியை அழித்தார். ஃபோல்டரை அழித்தார். எழுத்துருவையும் துணைக் கோப்பையும் அழித்தார். அதோடு விடவில்லை. பென்டிரைவ் முழுவதையும் துடைத்து, முதலிலிருந்து புதிதாகக் கட்டி, எண்ணிப் பார்த்தார். பதினொன்று. விடிந்துவிட்டது.

அன்று இரவு பத்து மணி தாண்டி ஒரு நிமிஷம். அவர் போனில் அவளிடமிருந்து செய்தி. ‘வந்துச்சுண்ணே. நலம்னு வந்துச்சு. நீங்க நல்லா இருக்கணும்.’

அதற்கு மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனதே இல்லை… தூரத்திலிருந்து வருகிறவர் மாதிரி இல்லை.

ஆறு மாசம் ஆகிறது. அழித்துவிட்டதை அவர் அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? வெளியே எங்கே போனாலும் பத்து மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுகிறார். சினிமாவுக்குக் கூப்பிட்டால் வருவதில்லை. கல்யாண வீட்டில் பந்தி போடும்போதே கிளம்பிவிடுகிறார். ஏன் என்று கேட்டால், “அறையில ஆள் இருக்கும்போது நான் இல்லைன்னா மரியாதையா இருக்காது” என்கிறாராம்.

பைண்டர் நிறுத்தினார். மெழுகுவர்த்தி அடிவரைக்கும் எரிந்திருந்தது.

“அவ்வளவுதானா?” என்றார் கட்டிங்காரர். “பாவம்யா உங்க மச்சான். ஒரு கூட்டாளி கிடைச்சார்னு வச்சுக்குங்க. என்ன கண்ணாடி, நாங்க பாட்டுக்குப் பேசிட்டிருக்கோம், ஊமையா இருக்கீங்க?”

கண்ணாடி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“சாயங்காலம் அந்தப் பொண்ணு எனக்குப் போன் பண்ணிச்சு. கடை போர்டுல ரெண்டாவது நம்பர் என்னோடது. மச்சான் போனை எடுக்க மாட்டேங்கிறாராம். மறந்துட்டாரு போல, அவசரமில்லைன்னு சொல்லிச்சு. அவர் நல்லாத்தான் இருக்கார், எனக்குத் தெரியும்னு சிரிச்சிட்டே சொல்லிச்சு. எனக்கு அப்போ புரியல…”

“என்ன புரியல?”

“தனக்கும் அதே மாதிரி ஒரு புரோகிராம் எழுதி வச்சுக்கிட்டாரா உங்க மச்சான்னு கேட்டுச்சு. ஞாயித்துக்கிழமையிலேருந்து தினம் பத்து மணிக்கு அதுக்கு ரெண்டு ‘நலம்’ வருதாம்.”

அன்று புதன்கிழமை. கட்டிங்காரர் இருட்டில் தடவித் தன் வண்டிச் சாவியைத் தேடினார். கண்ணாடி எழுந்துவிட்டார்.

“ரெண்டாவது…” என்று கேட்டார் பைண்டர். “எத்தனை நிமிஷம் கழிச்சு வருதாம்?”

“முதல் நாள் கூடவே வந்துச்சாம்” என்றார் கண்ணாடி. “இப்போ கொஞ்சம் லேட்டாகுதாம்.”